கலைஞர் கூட்டுக் குழுவில் சேரப் போகிறவர்களுக்கு: வேலூரில் எனக்கு நடந்தது

வேலூரில் ஓவியர்களும் புகைப்படக்காரர்களுமாகச் சேர்ந்து நடத்திய ஒரு கண்காட்சிக் குழுவில் ஒன்றரை வருடத்துக்கு மேல் இருந்தேன். வெளியே வந்தபோது என் சேமிப்பில் 1,18,000 ரூபாய் போயிருந்தது. அந்தக் காலம் முழுக்க நான் சொந்தமாக ஒரு படம்கூட முடிக்கவில்லை. பணம் போனதைவிட அதுதான் அதிகம் வலித்தது. சேரும் முன் இதைப் பற்றித் தமிழில் ஏதாவது கிடைக்குமா என்று நிறையத் தேடினேன். கலைஞர்கள் கூடிச் செயல்படுவதைப் பாராட்டி எழுதியவை கிடைத்தன. வாடகை யார் பெயரில் இருக்க வேண்டும், கண்காட்சிக்காக மற்றவரிடம் வாங்கி வைத்த படம் கெட்டால் யார் பொறுப்பு, பிரியும்போது என்னென்ன நடக்கும் என்பதையெல்லாம் சொன்னவர் யாரும் இல்லை. இப்போது ஆரணி, திருப்பத்தூர், ராணிப்பேட்டைப் பக்கமிருந்து படித்து முடித்த பிள்ளைகள் "அக்கா, நாங்களும் ஒரு குழு ஆரம்பிக்கிறோம்" என்று சொல்லும்போது சந்தோஷமாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஏன் சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஓவியம் படித்துவிட்டு, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் குடியாத்தம் திரும்பினேன். லுங்கித் தறி ஓடும் வீடு எங்களுடையது. ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியர் வேலை கிடைத்தது. நம் ஊர்ப் பக்கம் படம் வரைகிறவருக்குப் பெரிய கஷ்டம் தனிமை. வரைந்ததைக் காட்ட ஒரு கேலரி இல்லை. ஒரு நல்ல கண்காட்சி பார்க்க வேண்டுமென்றால் காட்பாடியில் ரயில் பிடித்துச் சென்னைக்குப் போக வேண்டும், ராத்திரியே திரும்ப வேண்டும். அப்படிப்பட்ட நேரத்தில் ஐந்து பேர் கோட்டை அகழிக்கு எதிரே உட்கார்ந்து "நமக்கு நாமே இடம் எடுப்போம், படங்களை நாமே தேர்ந்து க்யூரேட் பண்ணுவோம், மற்றவங்க வேலையையும் கூப்பிட்டுக் காட்டுவோம்" என்று பேசியபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இப்போதும் அந்த ஆசை சரியான ஆசை என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் குழுவில் தலைவர் கிடையாது, எல்லோரும் சமம், எல்லாவற்றையும் பேசி முடிவெடுப்போம் என்பது முதல் விதி. அந்த ஐவரில் ஒருவர் இந்தோனேசியாவின் ருவாங்ருப்பா குழுவைப் பற்றி விரிவாகச் சொன்னார். 2000-ல் ஜகார்த்தாவில் தொடங்கிய கலைஞர் குழு அது. 2022-ல் நடந்த ஜெர்மனியின் டாக்குமென்டா கண்காட்சியை நடத்தும் பொறுப்பே அவர்களிடம் வந்தது. ஊர் நெல்லை ஒரே பொதுக் களஞ்சியத்தில் சேர்த்துப் பகிரும் பழக்கத்தைத் தங்கள் முறையாக அவர்கள் முன்வைத்தார்கள். கேட்கக் கேட்க எங்களுக்கு உற்சாகமாக இருந்தது. ஆனால் அந்தக் களஞ்சியத்தில் எவ்வளவு நெல் வந்தது, எவ்வளவு போனது என்று யார் குறித்து வைப்பார்கள் என்ற பேச்சு எங்களிடையே வரவே இல்லை. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம், நம் சோழமண்டலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்தவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் ஓவியர் கிராமத்தை அமைத்தபோது, மெழுகு தடவிச் சாயம் போடும் பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்று அதிலிருந்துதான் பணம் திரட்டினார்கள். ஓவியம் விற்கும்வரை சோற்றுக்கு என்ன வழி என்பதை அவர்கள் ஆரம்பத்திலேயே யோசித்திருக்கிறார்கள். எந்தக் குழு உங்களைக் கூப்பிட்டாலும், மாதச் செலவு எங்கிருந்து வருகிறது என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர்கள் முகம் சுளித்தால் அதையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

இடம் பிடித்தது வேலப்பாடியில். பழைய வீட்டின் மாடி, நீளமான கூடம், பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு அறை. வாடகை 15,000, அட்வான்ஸ் பத்து மாதம். அதாவது 1,50,000. ஆளுக்கு 25,000 என்று பேச்சு. மற்ற ஐந்து பேரிடமிருந்தும் சேர்ந்து வந்தது 90,000. மீதியை அடுத்த மாதம் தருவதாகச் சொன்னார்கள், நான் போட்டேன். ஒப்பந்தத்தில் யார் கையெழுத்துப் போடுவது என்று வந்தபோது, மாதச் சம்பளம் எனக்குத்தான் இருக்கிறது, மாவட்டத்துக்குள்ளேயே முகவரியும் இருக்கிறது என்பதால் என் பெயரைப் போட்டார்கள். வீட்டுக்காரரைப் பொறுத்தவரை அன்றிலிருந்து குழு என்று ஒன்று கிடையாது, வாடகைக்கு இருப்பது நான் மட்டும்தான். வாடகை தாமதமானால் போன் எனக்கு வரும். பள்ளியில் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே வரும். பிள்ளைகள் முன்னால் எடுக்கவும் முடியாது, எடுக்காமல் இருக்கவும் பயம்.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரைக்கும் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது. நடைமுறையில் பத்து மாதம் கேட்பார்கள்தான், ஆனால் இது தெரிந்திருந்தால் பேரம் பேசவாவது முடியும். அதைவிட முக்கியம், ஒப்பந்தத்தில் குறைந்தது இரண்டு மூன்று பேர் வாடகைதாரர்களாகக் கையெழுத்துப் போடுவது. அட்வான்ஸில் யார் எவ்வளவு போட்டார்கள், திரும்பி வரும்போது எப்படிப் பிரிப்பது, பிடித்தம் ஏதாவது வந்தால் அது யார் தலையில் என்பதைத் தனிக் காகிதத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். குழுவைப் பதிவு செய்வது பற்றியும் அப்போதே பேசுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் சங்கமாகப் பதிய ஏழு பேர் வேண்டும். நாங்கள் ஆறு பேர். ஏழாவது ஆளைத் தேடலாம் என்று நான் சொன்னபோது "சங்கம் வெச்சா அரசியல் வந்துடும்" என்றார்கள். சங்கமாகப் பதிந்திருந்தால் வங்கிக் கணக்கு, வாடகை, ரசீது எல்லாம் குழுவின் பெயரில் இருந்திருக்கும். வருடா வருடம் கணக்குத் தாக்கல் செய்கிற தொல்லை உண்டுதான், ஆனால் அந்தத் தொல்லையே ஒரு பாதுகாப்பு.

முதல் பெரிய கண்காட்சிக்குப் பாலாறு என்று தலைப்பு எடுத்தோம். எனக்கு அந்த வேலையில் இருந்த ஈடுபாட்டை எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் போய்க் கிணற்றுத் தண்ணீர் உப்பாகிப்போன விவசாயிகளோடு உட்கார்ந்து பேசினேன். தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைப் படித்தேன். மாசுபடுத்தியவரே நஷ்டத்தைக் கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய முக்கியமான தீர்ப்பு நம் வேலூர் மாவட்டத்து மக்கள் போட்ட வழக்கில் வந்தது. வருஷக்கணக்கில் மணலாகக் கிடந்த ஆற்றில் 2021 நவம்பரில் வெள்ளம் புரண்டு வந்தபோது எடுத்த படங்களைச் சேர்த்தோம். கண்காட்சிக்கான நீண்ட அறிமுகக் கட்டுரையை நான் எழுதினேன்.

கோட்டைக்குள் வைக்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. வேலூர்க் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம். அங்கே கூட்டமோ நிகழ்ச்சியோ நடத்த எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும், அது கடைசி நேரத்தில் கேட்டு வாங்குகிற விஷயமில்லை. அந்த அலைச்சலில் கொஞ்ச காலம் போனது, பிறகு எங்கள் மாடியிலேயே வைப்பது என்று முடிவானது.

படங்கள் லாரி பார்சலில் வர ஆரம்பித்தது ஏப்ரலில். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வந்தவற்றைத் தகரக் கூரை அறையில் அப்படியே அடுக்கினார்கள். சென்னை ஓவியர் ஒருவரின் பெரிய அக்ரிலிக் படத்தைப் பிரித்தபோது, பப்பிள் ராப் உறையின் வட்ட வட்டமான தடம் படம் முழுக்கப் பதிந்திருந்தது. அக்ரிலிக் வண்ணம் சூட்டில் இளகும். அதன்மேல் பிளாஸ்டிக் நேரடியாகப் பட்டால் ஒட்டிக்கொள்ளும், அந்தத் தடம் போகாது. அந்த ஓவியரிடம் போனில் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்னொருவருடைய உழைப்பு நம் கூரைக்குக் கீழே கெட்டுப்போவது எப்படி இருக்கும் என்று படம் வரைகிற யாருக்கும் புரியும். வழியில் கெட்டதா, எங்கள் அறையில் கெட்டதா என்று நிரூபிக்க எங்களிடம் ஒரு போட்டோகூட இல்லை. அழைப்பு மின்னஞ்சல் என் முகவரியிலிருந்து போயிருந்ததால் அவர் என்னைத்தான் கேட்டார். 60,000 கேட்டவர் கடைசியில் 35,000-க்கு ஒப்புக்கொண்டார், நான் தவணையில் கட்டினேன். குழுவில் இதைப் பேச உட்கார்ந்தபோது எல்லோரும் வருத்தப்பட்டார்கள், பங்கு போடுவது பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

அதனால் மற்றவர் படங்களை வாங்கி வைக்கிற எந்தக் குழுவும் இதைச் செய்ய வேண்டும். பெட்டி வந்த அன்றே இரண்டு பேர் முன்னிலையில் பிரித்து, முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலைகள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அன்றைக்கே ஓவியருக்கு அனுப்பி, "இந்த நிலையில் வந்து சேர்ந்தது" என்று அவரிடம் ஒப்புதல் வாங்குங்கள். கண்டிஷன் ரிப்போர்ட் என்று பெரிய கேலரிகளில் சொல்வது இதைத்தான், அதற்குப் படிப்பு ஒன்றும் வேண்டாம். திருப்பி அனுப்பும்போதும் அதேபோல். வண்ணத்தின் மேல் பட்டர் பேப்பர் வைத்து அதற்கு வெளியேதான் பப்பிள் ராப், அதுவும் குமிழ் வெளிப்பக்கம் இருக்கும்படி. காகிதத்தில் செய்த வேலைகளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக மாட்டாதீர்கள், அருங்காட்சியகங்களில் அவற்றுக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சம்தான் வைப்பார்கள். படத்தை வாங்கும் முன்பே, அதைக் கண்காட்சிக்கு இரவலாகப் பெறுவதற்கான ஒரு கடிதம் இருக்கட்டும்: மதிப்பு எவ்வளவு, போக்குவரத்து யார் செலவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை யார் பொறுப்பு, இன்சூரன்ஸ் உண்டா இல்லையா. இன்சூரன்ஸுக்குப் பணம் இல்லையென்றால் இல்லை என்று எழுதிக் கேளுங்கள். சம்மதிக்கிறவர் தருவார்.

திறப்பு விழா அன்று ராத்திரி தெருக்கூத்து வைத்தோம். பழைய வட ஆற்காடு கூத்துக்குப் பேர் போன மண், செய்யாறு பக்கம் புரிசையைத் தெரியாத கூத்து ரசிகர் இருக்க மாட்டார். நாங்கள் கூப்பிட்ட ஜமாவின் (கூத்துக் குழுவின்) வாத்தியார் எங்களிடம் வெற்றிலை பாக்கோடு முன்பணம் வாங்கிய உடனே, எத்தனை பேர் வருவார்கள், வண்டிக்கு எவ்வளவு, சாப்பாடு யார் பொறுப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். விடிந்ததும் அரிதாரம் கலைக்கும் முன்பே பணத்தை எல்லோர் முன்னிலையிலும் எண்ணி, அவரவர் பங்கைக் கையில் கொடுத்தார். மத்தளக்காரருக்கு இவ்வளவு, வேஷக்காரருக்கு இவ்வளவு, பெட்டி தூக்கிய பையனுக்கும் உண்டு. கலைஞர்களே நடத்தும் கூட்டுக் குழு எப்படி இருக்கும் என்று நாங்கள் எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்தோம், அது எங்கள் மாடிப்படிக்குக் கீழே நின்று பங்கு பிரித்துக்கொண்டிருந்தது. அவரிடம் போய் இதைச் சொன்னேன். "கணக்குல கூச்சப்பட்டா அடுத்த ஆட்டத்துக்கு ஆள் வராதும்மா" என்றார்.

கண்காட்சி நன்றாகத்தான் நடந்தது. பேரணாம்பட்டிலிருந்து ஒரு பெரியவர் பேரனோடு வந்து ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நின்று பார்த்தார். அந்த நாட்களை நான் இழக்க விரும்ப மாட்டேன். நல்ல பெயர் கிடைத்ததும் வெளிநாட்டு அமைப்பு ஒன்று சிறு நிதி தருவதாகச் சொன்னது. பதிவில்லாத குழுவுக்கு எப்படி வாங்குவது? "அக்கா, உங்க அக்கவுண்ட்ல போடச் சொல்லலாம்" என்றார்கள். அதற்கு முன் தெரிந்த ஆடிட்டர் ஒருவரைப் பார்த்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றார். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010-ன்படி, ஒரு குழுவின் கலாசாரப் பணிக்கு வெளிநாட்டு நன்கொடை வாங்க மத்திய அரசிடம் பதிவோ முன்அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் குறிப்பிட்ட ஸ்டேட் வங்கிக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். தனி ஆள் கணக்கில் வாங்கிக் குழுவுக்குச் செலவழித்தால் மாட்டுவது அந்தத் தனி ஆள். நான் மறுத்ததும் குழுவுக்குள் முகம் மாறியது. வாய்ப்பைக் கெடுத்தவள் ஆனேன். யார் என்ன சொன்னாலும், குழுப் பணத்துக்கு உங்கள் சொந்த வங்கிக் கணக்கையும் ஜிபே எண்ணையும் கொடுக்காதீர்கள். பதிவு முடியும்வரை இரண்டு பேர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடிகிற ஒரு கூட்டுக் கணக்காவது திறந்து, அதில் குழுவின் பணத்தை மட்டும் வையுங்கள்.

அப்புறம் வேகமாக உடைந்தது. இரண்டு பேருக்குப் பெங்களூரில் கண்காட்சி நடத்த அழைப்பு வந்தது. பாலாறு என்ற அதே கருவோடு போனார்கள். சுவரில் இருந்தது நான் எழுதிய கட்டுரை, கிட்டத்தட்ட வரிக்கு வரி, என் பெயர் மட்டும் இல்லை. போட்டோவில் அதைப் பார்த்தபோது வந்த கோபம் இன்னும் முழுசாக அடங்கவில்லை. கேட்டால், "எல்லாம் குழுவோடதுதானே அக்கா." பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி எழுதியவருக்குத்தான் எழுத்தின் முதல் உரிமை. எழுத்துபூர்வமாக மாற்றிக் கொடுக்காதவரை அது குழுவுக்குப் போகாது. ஆனால் கண்காட்சியின் கரு, யோசனை என்பதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, எழுதிய வடிவத்துக்குத்தான் உண்டு. நான் முதல் வரைவுகளை மின்னஞ்சலில் அனுப்பி வைத்திருந்ததால் தேதியோடு ஆதாரம் இருந்தது, கடிதம் எழுதி அடுத்த அச்சில் பெயரைப் போட வைத்தேன். நீங்கள் எழுதுவதை வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்பாமல், பெயரும் தேதியும் போட்ட கோப்பாக மின்னஞ்சலில் அனுப்புங்கள். யார் கருத்து சொன்னது, யார் எழுதியது, யார் படம் மாட்டியது என்று பெயர்ப்பலகையில் தனித்தனியாகப் போடும் வழக்கத்தை முதல் கண்காட்சியிலேயே கொண்டுவாருங்கள்.

விலகினேன். வீட்டுக்காரர் அட்வான்ஸிலிருந்து மூன்று மாத வாடகை பாக்கி 45,000 எடுத்துக்கொண்டார். சுண்ணாம்புச் சுவரில் துளை போட்டதற்குப் பூச்சு வேலை, வெள்ளையடிப்பு என்று 20,000. பழைய சுண்ணாம்புச் சுவரில் ஆணி நிற்காது, பெரிய துளையாக உதிரும். மேலே கம்பி ஓட்டி அதிலிருந்து தொங்கவிட்டிருந்தால் அந்தச் செலவே இல்லை. "ஏம்மா, கையெழுத்து போட்டது நீதானே?" என்றார் அவர், அவர் சொன்னது நியாயம்தான். திரும்பி வந்தது 85,000. மற்றவர்கள் தாங்கள் போட்ட 90,000-ஐ முழுசாகக் கேட்டார்கள். சண்டை போடத் தெம்பில்லாமல் கையிலிருந்து 5,000 சேர்த்துக் கொடுத்தேன். கண்காட்சிப் புத்தகம் அடித்த பிரஸ்ஸில் பில் என் பெயரில் இருந்தது, பாக்கி 18,000. இன்ஸ்டாகிராம் கணக்கின் கடவுச்சொல் வேறு ஒருவரிடம் இருந்தது, நான் விலகிய மறுநாளே பழைய பதிவுகளில் என் பெயர் போய்விட்டது.

இந்தக் களேபரமெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் அம்மா கேட்டார்: "உங்க குழுவுல தீர்மானப் புக்கு யார்கிட்ட இருக்கு?" அம்மா பல வருடமாக மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறார். தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரியில் தொடங்கிய திட்டம் அது. எங்கள் தெருவில் எழுத்துக் கூட்டிப் படிக்கிற பெண்கள்கூட, கூட்டத்துக்கு யார் வந்தார்கள், என்ன முடிவெடுத்தார்கள், யார் கடன் வாங்கினார்கள் என்று எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ வைக்கிறார்கள். ஊக்குநர், பிரதிநிதிகள் என்று பொறுப்பாளர் யாரென்று எல்லோருக்கும் தெரியும். தலைவர் இல்லாத எங்கள் குழுவில் பொறுப்பு மட்டும் யாருக்கும் சொல்லாமல் ஒருத்தி மேல் வந்து உட்கார்ந்தது.

இப்போது நான் மூன்று பேரோடு சின்னச் சின்னக் கண்காட்சிகள் வைக்கிறேன். நிரந்தர இடம் எடுக்கவில்லை, கல்யாணமில்லாத மாதத்தில் ஒரு சிறு மண்டபம், இல்லாவிட்டால் பள்ளிக் கூடம். ஒவ்வொரு கண்காட்சிக்கும் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திடுகிறோம்: யார் எவ்வளவு போடுகிறோம், படம் விற்றால் ஓவியருக்கு எவ்வளவு, கெட்டுப்போனால் எப்படிப் பங்கு போடுவது, கட்டுரை யாருடையது, நடுவில் ஒருவர் விலகினால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், இன்ஸ்டாகிராம் கடவுச்சொல் எந்த இரண்டு பேரிடம் இருக்கும். முடிந்த மறுநாள் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறோம். ஏற்கெனவே ஒரு குழுவில் இருந்து விலக நினைக்கிறவர்கள் வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். தேதி போட்டு எழுதிக் கொடுங்கள், வீட்டுக்காரர், பிரஸ், வங்கி என்று உங்கள் பெயர் உள்ள ஒவ்வொரு இடத்துக்கும் நகல் அனுப்புங்கள். வாடகை ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருந்தால், வேறு பெயரில் புது ஒப்பந்தம் போட்ட பிறகே சாவியைக் கொடுங்கள்.